கிறிஸ்துமஸ் வீட்டாரோடு: இத்தாலியக் குடும்பங்களின் விருந்து மேசை

இத்தாலியில் ஒரு பழமொழி வழங்குகிறது. ஈஸ்டர் பண்டிகையை விரும்பியவர்களோடு கொண்டாடலாம். கிறிஸ்துமஸை மட்டும் வீட்டாரோடுதான் கொண்டாட வேண்டும் என்பது அதன் பொருள். வடக்கே மிலான் நகரில் பணிபுரியும் பிள்ளைகள், டிசம்பர் மூன்றாம் வாரத்தில் தெற்கு நோக்கிச் செல்லும் ரயில்களில் இடம் தேடுவது இந்தப் பழமொழிக்குக் கட்டுப்பட்டுத்தான். தீபாவளிக்கு முந்தைய நாள்களில் நம் ரயில் நிலையங்களைக் கண்டவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் போய்ச் சேரும் இடம் ஒரு சாப்பாட்டு மேசை. அதில் பரிமாறப்படும் உணவு ஊருக்கு ஊர் மாறும். ஆனால், எல்லா மேசைகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அங்கு வைக்கப்படும் எதுவும் ஒரே நாளில் ஆயத்தமானதன்று. காற்றில் உலர்ந்த மீன், ஈராண்டு முதிர்ந்த பாலாடைக்கட்டி, வெயில் காலத்தில் காயவைத்த அத்திப்பழம், தேன், ஊறுகாய் என ஒவ்வொன்றும் காத்திருந்து வந்தவை. வறுமையை நன்கறிந்த மக்கள், ஆண்டு முழுவதும் சிறுகச் சேர்த்ததை ஒரு நாளில் மனம் நிறையச் செலவிடக் கற்ற விதமே இந்த விருந்து. அந்தச் சேமிப்பில் பணத்தைவிடப் பெரிய முதலீடு பல கைகளின் உழைப்பு. இன்று இத்தாலியில் குறைந்துவருவதும் அதுவே.

பதின்மூன்றாம் மாதச் சம்பளம்

பண்டிகைச் செலவு என்றதும் பணத்திலிருந்தே தொடங்குவோம். இத்தாலியில் ஊதியம் பெறுவோருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 13 மாதச் சம்பளம். கூடுதலான அந்த ஒரு மாதத் தொகை, கிறிஸ்துமஸுக்கு முன்பாக டிசம்பரில் கைக்கு வருகிறது. அதன் பெயரே ‘பதின்மூன்றாவது’ என்பதுதான். 1937-இல் தொழில் நிறுவனங்களின் அலுவலர்களுக்கு ஒப்பந்தத்தின் வழியாக இது உறுதியானது. 1946-இல் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. 1960-இல் குடியரசுத் தலைவரின் ஆணை வாயிலாக ஊழியர் அனைவருக்கும் உரியதாயிற்று. ஓய்வூதியம் பெறுவோருக்கும் இது உண்டு.

நம் நாட்டின் தீபாவளி போனஸைப் போலவே இதுவும் கைக்கு வருமுன்பே பங்கு பிரிக்கப்பட்டுவிடும். வீட்டு வரி, காப்பீட்டுத் தவணை, நிலுவைக் கடன் ஆகியவை முதலில் வந்து நிற்கும். ஆயினும், நல்ல மீனுக்கும் பேரப்பிள்ளைகளின் பரிசுக்கும் உரிய பங்கை எந்தப் பாட்டியும் விட்டுக்கொடுப்பதில்லை.

அரைக்க நேரமில்லாத கோதுமை

பண்டிகைக் காலம் 25-ஆம் தேதிக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. சிசிலித் தீவில் டிசம்பர் 13 புனித லூசியாவின் நாள். அன்று பலெர்மோ நகர வீடுகளில் ரொட்டியும் பாஸ்தாவும் மேசைக்கு வருவதில்லை. முழுக் கோதுமையை வேகவைத்து, இனிப்பூட்டிய ரிக்கோட்டா என்னும் மென்மையான பாலாடையோடு கலந்து உண்கிறார்கள். இதற்குக் ‘குச்சியா’ என்று பெயர்.

காரணமாக ஒரு கதை சொல்லப்படுகிறது. 1646-இல் நகரம் பஞ்சத்தில் வாடியது. புனித லூசியாவின் நாளன்று தானியக் கப்பலொன்று துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அரைத்து மாவாக்கவும் பொறுமையில்லாத மக்கள் கோதுமையை அப்படியே வேகவைத்து உண்டார்கள் என்பது மரபு. பசியின் நினைவு இனிப்புப் பண்டமாக மாறி, இன்றும் ஆண்டுக்கொருமுறை குழந்தைகளின் கிண்ணத்துக்கு வருகிறது.

விரல் நுனியில் ஒரு மரபு

வட இத்தாலியின் எமிலியா வட்டாரத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் மாவு பிசையும் வாரம். பொலோஞா நகரின் பெருமை ‘தொர்தெல்லீனி’. முட்டை சேர்த்துப் பிசைந்த கோதுமை மாவைப் பெரிய மரப்பலகையில் நீண்ட உருளைக் கட்டையால் தாள்போலத் தேய்த்து, சிறு சதுரங்களாக வெட்டுவார்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு பொட்டுப் பூரணம் வைத்து, முக்கோணமாக மடித்து, விரல் நுனியைச் சுற்றி வளைத்து மோதிரம்போல ஒட்டுவார்கள். பன்றி இறைச்சி, உப்பிட்டு முதிர வைத்த தொடைக்கறி, மொர்த்ததெல்லா என்னும் இறைச்சிப் பண்டம், பார்மா வட்டாரப் பாலாடைக்கட்டி, முட்டை, சாதிக்காய் ஆகியவை சேர்ந்தது அந்தப் பூரணம். கொழுக்க வளர்த்த சேவலை நெடுநேரம் கொதிக்கவைத்து வடித்த தெளிந்த சாற்றில் வெந்து, கிறிஸ்துமஸ் நண்பகலில் முதல் உணவாக இவை மேசைக்கு வரும்.

ஒரு குடும்பத்துக்கு நூற்றுக்கணக்கில் தேவைப்படும். தனியொருவரால் ஆகிற காரியமன்று. பாட்டி தேய்க்க, மகள் வெட்ட, மருமகள் பூரணம் வைக்க, பேரப்பிள்ளைகள் மடிக்க என்று மேசையைச் சுற்றி ஒரு மாலைப் பொழுதே கழியும். யாருடைய மடிப்பு கொதிநீரில் பிரிந்தது என்ற கேலியும் அந்த மாலையின் பகுதியே. பொலோஞாவில் தொர்தெல்லீனி, பார்மாவில் அனோலீனி, ரெஜ்ஜோவில் கப்பெல்லெத்தி என்று சிறிது தூரத்திலேயே பெயரும் வடிவமும் பூரணமும் மாறிவிடும். தம் ஊர் முறையே சரியானது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இந்த வழக்குக்கு ஒரு தீர்ப்பு வேண்டும் என்று கருதியோ என்னவோ, 1974 டிசம்பர் 7-ஆம் தேதி பொலோஞாவின் வணிக சபையில் தொர்தெல்லீனிப் பூரணத்தின் செய்முறை முறைப்படி பதிவு செய்யப்பட்டது. வீடுகளில் அவரவர் பாட்டியின் முறையே தொடர்கிறது.

பூரணத்தில் சேரும் பாலாடைக்கட்டி நம் வாசகர்களுக்குத் தனிச் சுவை தரக்கூடியது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ எனப்படும் இதன் ஒரு சக்கரம் ஏறத்தாழ 40 கிலோ எடை. அதற்குச் சுமார் 550 லிட்டர் பால் வேண்டும். குறைந்தது 12 மாதங்கள் முதிர வேண்டும். 24 மாதங்களும் அதற்கு மேலும் முதிர்வதுண்டு. அதுவரை உற்பத்தியாளரின் முதல் முடங்கிக் கிடக்குமே! இதற்கு அந்த வட்டாரத்து வங்கியான கிரெதிதோ எமிலியானோ 1953 முதல் ஒரு வழி வைத்திருக்கிறது. பாலாடைக்கட்டிச் சக்கரங்களையே ஈடாகப் பெற்றுக் கடன் தருகிறது. ஈடு வைத்தவை வங்கியின் கிடங்கில் அடுக்கடுக்காக இருந்து முதிர்கின்றன. வல்லுநர்கள் சிறு சுத்தியலால் ஒவ்வொன்றையும் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு உள்ளே விரிசல் உண்டா என்று கண்டறிகிறார்கள். நகைக் கடனில் தங்கத்தை உரைத்துப் பார்ப்பதை அறிந்த நமக்கு, காதால் கேட்டு மதிப்பிடப்படும் இந்த ஈடு வியப்பளிக்கிறது. தங்கத்துக்கு இல்லாத சிறப்பொன்றும் அதற்கு உண்டு: பெட்டகத்தில் இருக்கும்போதே அதன் சுவை கூடுகிறது.

இறைச்சியில்லாத இரவு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு நோன்பின் இரவு. அன்று இறைச்சி கூடாது என்பது கத்தோலிக்க மரபு. திருச்சபையின் கட்டாயம் பின்னாளில் தளர்ந்துவிட்ட போதிலும், வழக்கம் தளரவில்லை. இறைச்சியை விலக்கிய இடத்தை மீன் நிரப்பியது. காலப்போக்கில் நோன்பே விருந்தாயிற்று.

இந்த இரவின் தலைநகர் நேப்பிள்ஸ். சிப்பி சேர்த்த ஸ்பகெட்டி, பொரித்த உப்பு மீன், அதன்பின் விலாங்கு. கப்பித்தோனே என்று அழைக்கப்படும் பருத்த பெண் விலாங்கை உயிரோடு வாங்கி வருவது பழைய வழக்கம். பாம்பை ஒத்த அதனை உண்பது தீமையை வெல்வதற்கு அடையாளம் என்பார்கள். நழுவி ஓடும் விலாங்கை அடுக்களைத் தரையில் துரத்திய கதை அவ்வூரில் பல குடும்பங்களுக்குச் சொந்தம். ஆனால் ஐரோப்பிய விலாங்கு, 2008 முதல் உலகப் பாதுகாப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாக இடம்பெற்றிருக்கிறது. பல வீடுகளில் அந்த இடத்துக்கு இப்போது வேறு மீன் வருகிறது.

உப்பு மீனின் வரலாறு இன்னும் நெடியது. நேப்பிள்ஸிலும் ரோமிலும் உப்பிட்ட காட் மீனை இரண்டு மூன்று நாள்கள் தண்ணீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கிய பின்பே சமைக்கிறார்கள். வெனிஸை ஒட்டிய வட்டாரத்தில் உப்பிடாமல் குளிர்காற்றிலேயே உலர்ந்த காட் மீன் விருப்பத்துக்குரியது. அதன் பின்னே ஒரு கப்பற்சேதம் இருக்கிறது. வெனிஸ் வணிகரான பியெத்ரோ குவெரீனி 1431-இல் கிரீட் தீவிலிருந்து மதுப் பீப்பாய்களோடு வடகடலுக்குப் புறப்பட்டுப் புயலில் சிக்கினார். உயிர் தப்பிய சிலரோடு 1432-இன் தொடக்கத்தில் நார்வேயின் ரோஸ்ட் தீவுப் பகுதியில் கரை ஒதுங்கினார். அங்குள்ள மீனவர்கள் அவர்களைக் காத்து உணவளித்தார்கள். காற்றில் உலர்ந்து கட்டைபோல் ஆகிய மீனை அவர் அங்கேதான் கண்டார். கடலில் இழந்த சரக்குக்கு ஈடாக, தம் ஊராருக்கு ஓர் உணவின் செய்தியைக் கொண்டுவந்தார் என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

மீன்களுக்கு நடுவே நேப்பிள்ஸ் மேசையில் ஒரு காய்கறிக் கலவையும் இருக்கும். வெந்த காலிஃபிளவர், ஆலிவ், ஊறவைத்த மிளகாய், நெத்திலி ஆகியவை சேர்ந்தது. இதன் பெயருக்கு ‘வலுவூட்டும் கலவை’ என்று பொருள். இறைச்சியில்லாத இரவுக்கு வலுவூட்டுவதால் அப்பெயர் என்பர் சிலர். நாள்தோறும் குறைந்த காயைச் சேர்த்துச் சேர்த்துப் புத்தாண்டு வரை நீட்டிப்பதால் அப்பெயர் என்பர் வேறு சிலர். இரண்டாவது விளக்கத்தில் ஒரு நல்ல இல்லத்தரசியின் கணக்குத் தெரிகிறது.

சட்டம் காக்கும் இனிப்பு

கிறிஸ்துமஸ் நண்பகல் விருந்தின் முடிவில் வருவது, மிலானின் பனெத்தோனே. திராட்சையும் சர்க்கரைப் பாகில் ஊறிய நாரத்தை, ஆரஞ்சுத் தோலும் பொதிந்த உயரமான இனிப்பு ரொட்டி இது. இயற்கையான புளித்த மாவில் நெடுநேரம் பொங்கவைத்து, சுட்டெடுத்ததும் தலைகீழாகத் தொங்கவிட்டு ஆறவைப்பார்கள். இல்லையேல் அதன் உச்சி அமுங்கிவிடும். 1919-இல் மிலானில் தொழில் தொடங்கிய ஆஞ்செலோ மொத்தா போன்றோர் இதை ஆலைக்குக் கொண்டுசென்றபின் ஓர் ஊரின் பண்டம் நாடெங்கும் பரவியது. 2005-இல் இத்தாலிய அரசு இதற்கு இலக்கணமே வகுத்தது. வெண்ணெய் 16 விழுக்காட்டுக்கும், உலர்ந்த திராட்சையும் பழத்தோலும் சேர்ந்து 20 விழுக்காட்டுக்கும் குறையக் கூடாது. முட்டையின் மஞ்சள் கருவும் 4 விழுக்காடாவது இருக்க வேண்டும். குறைந்தால் அந்தப் பெயரில் விற்க முடியாது. வெரோனா நகரின் போட்டி இனிப்பான பந்தோரோவுக்கு, தொமேனிக்கோ மெலெகாத்தி 1894-இலேயே காப்புரிமை பெற்றிருந்தார்.

தெற்கே இனிப்பு இன்னும் வீட்டுச் சரக்குதான். நேப்பிள்ஸில் சுண்டைக்காய் அளவில் மாவை உருட்டிப் பொரித்து, தேனில் புரட்டிக் குவிக்கிறார்கள். புலியா வட்டாரத்தில் பூப்போலச் சுருட்டிய மாவைப் பொரித்து, காய்ச்சி இறுக்கிய திராட்சைச் சாற்றில் தோய்க்கிறார்கள். சிசிலியில் அத்திப்பழமும் வாதுமையும் பூரணமாகின்றன. சர்க்கரை அரிதாக இருந்த காலத்தில் தோட்டமும் தேன்கூடும் தந்த இனிப்புகள் இவை.

தொண்ணூறு எண்களும் ஒரு பிடிப் பருப்பும்

உண்ட பின் மேசை கலைவதில்லை. தட்டுகளை எடுத்ததும் தொம்போலா அட்டைகள் விரிகின்றன. நம் கிளப்புகளிலும் குடும்ப விழாக்களிலும் தம்போலா என்ற பெயரில் ஆடுகிறோமே, அதே ஆட்டம்தான். பெயரும் அங்கிருந்தே வந்தது. 1734-இல் நேப்பிள்ஸின் அரசர் சார்லஸ் அரசுக் குலுக்கலை விரும்பினார். ரோக்கோ என்ற துறவி சூதைக் கண்டித்தார். கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்டும் குலுக்கலை நிறுத்துவது என்று உடன்பாடாயிற்று. சும்மா இருக்க மனமில்லாத மக்கள் வீட்டுக்குள்ளேயே எண்களைக் குலுக்கத் தொடங்கினார்கள் என்பது ஊர்க்கதை. நேப்பிள்ஸில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பொருள் உண்டு. 25 என்றால் கிறிஸ்துமஸ், 90 என்றால் அச்சம். அழைக்கப்பட்ட எண்ணை மூட அவரை விதையோ ஆரஞ்சுத் தோலோ போதும். பந்தயம் சில காசுகள்தான். பாட்டி முதல் பேரன் வரை எல்லோருக்கும் சமமான வாய்ப்பு.

டிசம்பர் 31 இரவு மற்றொரு நம்பிக்கை மேசைக்கு வருகிறது. பன்றி இறைச்சித் தொத்திறைச்சியோடு வெந்த மசூர்ப் பருப்பு. வட்டமும் தட்டையுமான பருப்பு நாணயத்தை ஒத்தது. வேகும்போது பெருகவும் செய்கிறது. எத்தனை பருப்பு உண்டோமோ அத்தனை காசு புத்தாண்டில் சேரும் என்பது நம்பிக்கை. புகழ்பெற்ற பருப்பு, உம்ப்ரியா மலைப்பகுதியில் உள்ள காஸ்தெல்லூச்சோவில் விளைகிறது. 2016 அக்டோபர் 30-ஆம் தேதி அங்கே 6.5 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டு ஊர் இடிந்தது. சாலைகள் சிதைந்திருந்த நிலையிலும், அடுத்த ஆண்டு வசந்தத்தில் உழவர்கள் டிராக்டர்களோடு மலையேறி விதைத்தார்கள்.

கடல் கடந்த மேசை

வீட்டாரோடு கிறிஸ்துமஸ் என்ற விதி இலட்சக்கணக்கானோருக்கு வாய்க்காமற்போன காலமும் உண்டு. 1880-க்கும் 1920-க்கும் இடையே 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர் அமெரிக்காவில் குடியேறினார்கள். அவர்களுள் பெரும்பாலோர் வறுமை மிகுந்த தென்பகுதியினர். அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணத்தை இடைத்தரகர்கள் விழுங்கிவிடாமல் காக்க, 1901-இல் ஒரு சட்டம் இயற்றி அந்தப் பொறுப்பை நேப்பிள்ஸ் வங்கியிடம் இத்தாலிய அரசு ஒப்படைத்தது. ஊரில் எரிந்த பல அடுப்புகளுக்கு அந்தப் பணமே விறகு.

சென்ற இடத்தில் அவர்கள் நோன்பு இரவையும் கைவிடவில்லை. இன்று அமெரிக்காவில் ‘ஏழு மீன் விருந்து’ என்று அறியப்படுவது அவர்களின் வழித்தோன்றல்கள் போற்றும் மரபு. இத்தாலியிலோ ஏழு என்ற கணக்கு பொது வழக்கில் இல்லை. ஊரில் இருந்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. ஊரை விட்டுச் சென்றவர்கள் எண்ணி வைத்துக்கொண்டார்கள்.

‘தேவையான அளவு’

இன்று வேறொரு பிரிவு நேர்கிறது. 1964-இல் இத்தாலியில் 10 இலட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் பிறந்தார்கள். 2023-இல் பிறந்தவர்கள் ஏறத்தாழ 3.8 இலட்சம் மட்டுமே. மேசையைச் சுற்றி மடிக்க உட்கார்ந்த எட்டுப் பத்துக் கைகள், பல வீடுகளில் இரண்டு மூன்றாகிவிட்டன. தொர்தெல்லீனி கடையில் கிடைக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. வேலைக்குச் செல்லும் பெண்களின் முதுகுக்கு அது ஓர் ஆறுதல் என்பதையும் மறுக்க முடியாது. பழைய விருந்தின் சுமையைப் பெரும்பாலும் பெண்களே சுமந்தார்கள்.

ஆனால் கடையில் வாங்கும்போது ஒன்று கைமாறாமல் போகிறது. இத்தாலியச் சமையற் குறிப்புகளில் உப்பு, மாவு, சாதிக்காய் ஆகியவற்றுக்கு நேரே அடிக்கடி இரண்டு எழுத்துகள் மட்டும் இருக்கும். நம் குறிப்புகளில் வரும் ‘தேவையான அளவு’ என்பதன் சுருக்கமே அது. தேவையான அளவு எது என்பதைத் தாள் சொல்லாது. மாவு காது மடல்போல் மென்மையாக வேண்டும், தேய்த்த தாளின் வழியே வெளிச்சம் தெரிய வேண்டும் என்பவையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மட்டும் கிடைக்கும் செல்வம்.

அந்தச் செல்வத்துக்கு உரிய மதிப்பை அளித்த ஒருவரை இங்கே குறிப்பிட வேண்டும். பெல்லெக்ரீனோ அர்த்தூசி என்ற வணிகர் 1891-இல் தம் சொந்தச் செலவில் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். முதலில் 475 குறிப்புகள். நாடெங்குமிருந்து இல்லத்தரசிகள் எழுதிய கடிதங்களால் வளர்ந்து, அது 790 ஆயிற்று. இத்தாலிய வீடுகளில் இன்றும் அலமாரியில் இருக்கும் நூல் அது. அவருடைய அடுக்களையில் பணிபுரிந்த மரியெத்தா சபத்தீனியின் கைப்பக்குவத்தில் உருவான பனெத்தோனேக்கு, அந்நூலில் மரியெத்தாவின் பெயரையே சூட்டினார். 1911-இல் அவர் மறைந்தபோது, நூலின் உரிமையை மரியெத்தாவுக்கும் சமையற்காரர் பிரான்செஸ்கோ ருபில்லிக்கும் உயிலில் எழுதிவைத்திருந்தார். ஒரு கைப்பக்குவம் சொத்தாக மதிக்கப்பட்டு, உழைத்தவருக்கே திரும்பிச் சென்ற அரிய நிகழ்வு இது.

பெரும்பாலான குடும்பங்களில் உயில் ஏதும் எழுதப்படுவதில்லை. அங்கே மாற்றுவழி ஒன்றே: பிள்ளைகளை அருகில் உட்காரவைப்பது. கைகள் குறைந்த வீடுகளில் அண்டை வீட்டாரும் நண்பர்களும் மேசையைச் சுற்றிச் சேர்கிறார்கள். எண்ணிக்கை நூறாக இல்லாமல் நாற்பதாக இருக்கலாம். மடிப்பும் சற்றுக் கோணலாக இருக்கலாம். விரல் கற்றுக்கொண்டது அடுத்த டிசம்பர் வரை மறப்பதில்லை.

ஜனவரி 6-ஆம் தேதியோடு பண்டிகைக் காலம் முடிகிறது. மிலான் வீடுகளில் மட்டும் இன்னும் ஒரு கணக்கு மீதமிருக்கும். கிறிஸ்துமஸ் பனெத்தோனேயில் ஒரு துண்டைத் தனியே எடுத்துவைத்து, பிப்ரவரி 3 அன்று, தொண்டையைக் காக்கும் புனித பியாஜோவின் நாளில், வெறும் வயிற்றில் குடும்பத்தார் பகிர்ந்து உண்பார்கள். ஏறத்தாழ ஆறு வாரத்தில் அது நன்றாகக் காய்ந்து போயிருக்கும். இருந்தாலும் அந்தத் துண்டு அலமாரியில் இருக்கிறதா என்று வீட்டில் யாராவது ஒருவர் நினைவாகப் பார்த்துக்கொள்கிறார்.